வேடு கட்டிய ஜாடி

1

ஜாடியைத் திறந்தபோது இருந்தவர்கள் நாலு பேர்: அம்மா, என் மனைவி கனகா, எங்கள் மகள் யாழினி, நான். சேத்தூர் வீட்டு அடுப்படித் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். இல்லாதவர் அப்பா. அவர் பிளவக்கல்லில் தன் தங்கை சொர்ணத்தின் வீட்டில் இருந்தார். எலுமிச்சை பறிக்க ஆள் கிடைக்கவில்லையாம், ஒத்தாசைக்குப் போகிறேன் என்று கிளம்பியவர், போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நாங்கள் ஊருக்கு வந்திருந்ததோ இரண்டு வருடம் கழித்து. நான் விடுமுறையில் வந்திருக்கும்போது அப்பா வெளியூரில் தங்கியது அதற்கு முன் ஒருபோதும் கிடையாது.

இது போன கோடையில் நடந்தது. இப்போது நினைவுக்கு வரக் காரணம், இன்று காலை இங்கே ஒரு சின்னப் புட்டி காலியானதுதான். இங்கே என்றால் போலந்தில், வூட்ச் நகரத்தில். எழுத்தைப் பார்த்தால் லோட்ஸ் என்று படிக்கத் தோன்றும். விசா நேர்காணலில் நானும் அப்படித்தான் படித்தேன். எதிரே இருந்தவர் பொறுமையாகத் திருத்தினார். போகப்போகும் ஊரின் பெயரைச் சொல்லத் தெரியாதவனுக்கு எப்படி விசா கொடுத்தார்கள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

வெளியே பனி கொட்டுகிறது. எனக்கு இருமல். அடுப்பு மேல் அலமாரியில் இருந்த புட்டியைக் கரண்டியில் கவிழ்த்தேன். கழுத்தில் ஒட்டியிருந்த பச்சைத் துளி இறங்கி வரவில்லை. தீர்ந்துவிட்டது.

2

நான் வேலை பார்ப்பது காயத்துக்குக் கட்டும் கேஜ் துணி தயாரிக்கும் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில். ராஜபாளையத்துப் பக்கத்துக்காரனுக்கு அது புதிய பொருள் அல்ல. அப்பா நூற்பாலையில் பஞ்சுப் பேல் தூக்கினார். அம்மா ஒரு ஷெட்டில் கேஜ் துணி மடித்துக் கட்டும் வேலைக்குப் போனார். இருவரும் தூக்கியும் மடித்தும் சம்பாதித்ததில் நான் படித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். இப்போது அதே துணி எவ்வளவு வேகமாக ஈரத்தை உறிஞ்சுகிறது, எவ்வளவு வேகமாக வெளியே விடுகிறது என்று அளந்து எழுதுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

பக்கத்து மேஜையில் மாரெக். என் வயதுக்காரன். அவன் வீட்டில் சாராயத்தில் ஊறாத பொருளே இல்லை. பைன் மரக் கொழுந்து, ராஸ்பெரி, பிஞ்சு வால்நட் என்று எது கிடைத்தாலும் ஜாடியில் போட்டு, கடும் சாராயம் ஊற்றி, மூடி, சில வாரம் விட்டுவிடுவான். சத்து இறங்கியதும் வடிகட்டிப் புட்டியில் அடைப்பான். நலேஃப்கா என்பார்கள். விருந்துக்குச் சிறு கிண்ணத்தில் குடிப்பது ஒரு வகை, வயிற்றுக்கும் சளிக்கும் சொட்டுக் கணக்கில் குடிப்பது இன்னொரு வகை. மருந்துக்கடைகளில் டிங்சர் என்று நாம் கேள்விப்பட்டிருப்பது இந்த இரண்டாவது வகைதான்.

எனக்கு வந்தது ஒரே ஒரு கேள்வி. இருமலுக்கு ஆடாதொடை இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கும் கஷாயம் மறுநாளே ஊசிப்போகிறது. அதே இலையைச் சாராயத்தில் போட்டால் என்ன இறங்கும்? நிறம் மாறுமா? கசப்பு கூடுமா? தண்ணீருக்கு மசியாதது எதுவும் சாராயத்துக்கு மசியுமா? மாரெக்கிடம் கேட்டேன். அவனுக்கு ஆடாதொடை தெரியாது. "செய்து பார்த்துவிட்டுச் சொல், எனக்கும் ஒரு புட்டி கொண்டுவா" என்றான்.

காய்ந்த இலையை இங்கே வரவழைத்திருக்கலாம். எனக்குப் பச்சை இலைதான் வேண்டியிருந்தது. அது சேத்தூரில் வேலி நெடுக நிற்கிறது, ஆடு வாய் வைக்காது. ஆனால் ஊருக்குப் போக முடியவில்லை. குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தோம். அது கைக்கு வருமுன் வெளியே போனால் திரும்பி வருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கைரேகை வைத்தோம், காத்திருந்தோம், ஒரு தாள் குறைகிறது என்றார்கள், கொடுத்தோம், காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில் ஒரு முழு விடுமுறை போய்விட்டது. அட்டை வந்த வாரமே டிக்கெட் போட்டேன்.

கிளம்பும்போது பல்பொருள் அங்காடியில் கடும் சாராயம் ஒரு புட்டி வாங்கிப் பெட்டியில் வைத்தேன். அது நம் ஊரில் கிடைக்காது. அவ்வளவு கடுமையானதை விமானத்தில் ஏற்றக் கூடாது என்பது விமான நிலையத்தில்தான் தெரிந்தது. பெட்டியைத் திறந்த பெண்மணியிடம் மருந்துக்காக என்று போலிஷ் மொழியில் சொல்ல முயன்றேன். மருந்துக்கான சொல்லைக் கொஞ்சம் மூக்கில் சொல்லிவிட்டேன் போல. அது பயம் என்று பொருள் தரும் வேறு சொல். "பயத்துக்காகவா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, புட்டியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

3

ஆகவே ராஜபாளையத்தில் அரசு மதுக்கடை வரிசையில் நின்றேன். அதற்கு முன் நான் அந்தக் கடைப் பக்கம் போனதில்லை. அதற்குக் காரணம் அப்பா. நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருடம் அவர் குடியை நிறுத்தினார். கோயிலில் கயிறு கட்டவில்லை, யார் தலையிலும் அடித்துச் சத்தியம் செய்யவில்லை. நிறுத்தினார், அவ்வளவுதான். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை. பேசினால் திரும்பி வந்துவிடும் என்பது போல அம்மா அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார்.

வரிசையில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏலே, நீ மாரியப்பன் மவன்லா?"

பால்ச்சாமி மாமா. அப்பாவோடு மில்லில் பேல் தூக்கியவர்.

"ஆமா மாமா. மருந்து செய்யுததுக்கு."

"இங்கன நிக்க அம்புட்டுப் பேரும் மருந்துக்குத்தாம்லே நிக்கோம்."

வரிசையே சிரித்தது. அவர் விடவில்லை. "சரி, ஒங்கப்பன் விட்டுட்டுப் போன எடம் எத்தன வருசமா காலியாக் கெடக்கு. நீயாவது வந்தியே."

வோட்கா வாங்கி, பைக்கில் சேத்தூர் போய்ச் சேர்வதற்குள் செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. அம்மா வாசலில் நின்றார்.

"டிங்சருன்னா புண்ணுக்குல்லா போடுவாவ? தொட்டாலே எரியும். அதக் குடிச்சா கொடலு என்னத்துக்கு ஆவும்?"

"சொட்டு சொட்டாத்தாம்மா குடிக்கணும்."

"சொட்டு சொட்டாத்தான் எல்லாரும் ஆரம்பிக்காவ" என்றுவிட்டு உள்ளே போனார்.

அப்பா அப்படியில்லை. வேலியோரம் போய் ஏற்கெனவே இலை பறித்துக்கொண்டிருந்தார். "எம்புட்டு வேணும்? கொழுந்தா, முத்தலா?" என்று கேட்டார். "கஷாயம் ஒருநாள்ல போயிருதே, இது எத்தன நாளு நிக்கும்?"

"வருசக்கணக்கா நிக்கும்பா."

"அம்புட்டு நாளா?" இலையைக் கசக்கி மோந்து பார்த்தார். "அப்ப மலங்காட்டுல இருக்க எலை அம்புட்டையும் அடைச்சு வச்சிறலாமே."

கழுவி, ஈரம் உலர்த்தி, நறுக்கி, அகல வாய்க் கண்ணாடி ஜாடியில் அடைத்தோம். நான் வோட்கா மூடியைத் திருகியபோது அப்பா எழுந்தார். "செத்த நேரத்துல வாரேன்" என்று டீக்கடைக்குப் போய்விட்டார். ஊற்றி, தகர மூடியை இறுக்கினேன். பச்சை இலை சாராயத்தைக் கொஞ்சம் உறிஞ்சும், பிறகு விடும். எவ்வளவு என்று பார்ப்பதற்காக ஜாடியின் வெளியே வெள்ளைப் பிளாஸ்திரி ஒன்றை நெடுக ஒட்டி, சாராயம் நின்ற இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டேன். சோதனைக்கூடத்தில் எந்தக் குடுவையையும் நாங்கள் கோடு போடாமல் விடுவதில்லை. கை தானாகச் செய்கிற வேலை அது.

4

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். கனகாவின் வீடு மடவார் வளாகத்தில், கோயிலுக்குப் பக்கம். ஜாடியை அம்மா பொறுப்பில் விட்டேன். "தெனமும் ஒரு தடவ குலுக்கி விடுங்கம்மா" என்றேன். இருட்டில் வைக்க வேண்டும் என்பதையும் சொன்னேனா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், குலுக்கச் சொன்னது மட்டும்தான் நினைவிருக்கிறது.

மடவார் வளாகத்தில் யாழினிதான் வேடிக்கைப் பொருள். அவளுக்கு நாலு வயது. வூட்ச் மழலைப் பள்ளியில் நாள் முழுக்கப் போலிஷ், வீட்டில் சாயங்காலம் மட்டும் தமிழ். என் மாமனார் பால்கோவா நீட்டினால் தமிழில் யோசிக்க நேரமில்லாமல் "நியே" என்பாள். வேண்டாம் என்று அர்த்தம். அவர் அது "நீயே" என்று எண்ணி, தானே சாப்பிட்டுக்கொள்வார். அப்பாவோடு போனில் பேசும்போது தாத்தாவுக்கு அங்கே சொல்லும் "ஜாதெக்" வந்துவிடும்.

"என்ன சொல்லுதா இவ? இந்த வயசுல எனக்கு ஜாதகம் பாக்காளா?" என்பார் அப்பா.

நாலைந்து நாள் கழித்து நான் மட்டும் சேத்தூர் போனேன். ஜாடியை எடுத்துப் பார்த்தால், சாராயம் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. இலை இவ்வளவு உறிஞ்சாது. பையிலிருந்து பேனாவை எடுத்து இரண்டாவது கோடு போட்டேன். நிமிர்ந்தபோது அம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவுக்குப் பின்னால், நடைவாசலில், அப்பா. அம்மா தோசைக்கு என்ன தொட்டுக்கொள்கிறாய் என்று கேட்டார். சட்னி என்றேன்.

மறுநாள் அப்பா பிளவக்கல் போய்விட்டார் என்று அம்மா போனில் சொன்னார்.

இரவு கனகாவிடம் கோட்டைப் பற்றிச் சொன்னேன். "மாமாவா இருக்குமோன்னு நெனைக்கீங்களா?" என்று அப்பாவைச் சொல்லி நேராகவே கேட்டாள். நான் உடனே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "தெரியல" என்றேன். இத்தனை வருடம் அவர் விட்டிருந்த ஒன்றை நான் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டேனோ என்பதுதான் எனக்கு அப்போதிருந்த பயம்.

5

ஜாடியைத் திறந்த நாளுக்கு வருகிறேன். சாராயம் இப்போது இரண்டாவது கோட்டுக்கும் வெகு கீழே, ஜாடியின் அடிப்பாகத்தில் நின்றது. மேலே இருந்த இலைகள் சருகாகியிருந்தன. அவற்றின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. மோந்து பார்த்தேன். சாராய வாசமே இல்லை, ஊறிப்போன வைக்கோல் வாசம்.

முதலில் எனக்குப் பட்டது பூஞ்சை அல்ல. அப்பா போன பிறகும் இறங்கியிருக்கிறது, அதுதான் பட்டது.

"அம்மா, இத யாரு எடுத்தா?"

"யாரு எடுப்பா? வெயிலுதான் எடுத்துச்சு. ஊறுகான்னா வத்தத்தானே செய்யும்."

"வெயிலா?"

"பொறவு? நீ மூடியப் போட்டு இறுக்கிட்டுப் போயிட்ட. புழுங்கிப் போவாதா? மூடியக் கழட்டிட்டு வேடு கட்டி மொட்ட மாடியில வச்சேன். காலையில வைப்பேன், பொழுதடைஞ்சதும் எடுத்து மூடி போட்டுக் குலுக்கிருவேன். ஒருநாள் தப்பல."

வேடு கட்டுவது என்றால் ஜாடி வாயில் மெல்லிய துணியைப் போட்டுக் கயிற்றால் இறுக்குவது. எலுமிச்சை ஊறுகாயை அப்படித்தான் எங்கள் பக்கம் வெயிலில் வைப்பார்கள். தூசி போகாது, ஈரம் போய்விடும். அம்மா கட்டிய துணியைக் காட்டச் சொன்னேன். ஷெட்டிலிருந்து கொண்டுவந்த வெட்டுத் துண்டு, இரட்டையாக மடித்த கேஜ். எந்தத் துணி ஈரத்தை எவ்வளவு வேகமாக விடும் என்று அளப்பதற்கு ஒரு நாடு எனக்கு அட்டை கொடுத்து வைத்திருக்கிறதோ, அதே துணி. கோடை வெயிலில், அதன் வழியாக, சாராயம் முழுக்க வானத்துக்குப் போயிருக்கிறது.

கனகா சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் திணறினாள். அவள் சிரிப்பதைப் பார்த்து யாழினியும் சிரித்தாள். அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பாதியில் நின்றுவிட்டது. ஜாடியைத் தன் பக்கம் திருப்பி, அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்தார்.

"போற அன்னைக்கு அவிய இந்தப் பட்டையத்தான் பாத்துக்கிட்டு நின்னாவ. நான் அந்தக் காலத்துல கோடு போடுவேன்லா. அவிய பாட்டில்ல, கரித்துண்டால. எம்புட்டு எறங்கியிருக்குன்னு பாக்க."

எனக்கு அது அன்றுவரை தெரியாது.

ஜாடியை எலுமிச்சை மரத்தடியில் கொட்டினோம். மறுநாள் விடிந்ததும் நாலு பேரும் பிளவக்கல்லுக்குக் கிளம்பினோம்.

6

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு என்று பஸ் மாறி மாறிப் போய்ப் பிளவக்கல்லில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. அணைக்குப் பின்னால் மலை மிகப் பக்கத்தில் நின்றது. சொர்ணம் அத்தை எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தார்.

"வாங்க வாங்க. நல்லா இருக்கு கூத்து. ரெண்டு வருசங் கழிச்சு வந்த புள்ளைய விட்டுட்டு எங்கண்ணன் இங்கன வந்து எலுமிச்ச பறிக்காரு. நான் கூப்பிடவே இல்ல. ரெண்டு ஆளு ஏற்கெனவே இருக்கு."

அப்பா தோப்புக்குள் கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்து காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் நின்றதும் யாழினியை மட்டும் பார்த்து, ஒரு காயை அவளிடம் உருட்டினார். அவள் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போலிஷில் எண்ண ஆரம்பித்தாள்.

நான் பேச்சை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் தொடங்கினேன்.

"அப்பா, அந்தக் கோடு... எலை உறிஞ்சும்லா, எம்புட்டு உறிஞ்சுதுன்னு பாக்கத்தான்..."

"தெரியும்லே." கை காயைப் பிரித்துக்கொண்டே இருந்தது. "நான் குடிச்சிருந்தா கோடு எறங்கியிருக்குமா? குடிச்ச அளவுக்குத் தண்ணிய ஊத்தி நேராக்கி வச்சிருப்பேன். அந்த வித்தகூடத் தெரியாதவனா ஒங்கப்பன்? ஒங்கம்மைட்ட கேளு, எத்தன வருசம் அவ கோடு அசையாம நின்னுச்சுன்னு."

"கோடு நிக்கும், நெறம் வெளுத்துருக்கும்" என்றார் அம்மா. "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியளாக்கும்."

"தெரிஞ்சுமா போட்ட?"

"போடாம? போடலன்னா முழுசையும்லா குடிச்சிருப்பிய."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"பொறவு ஏம்ப்பா இங்க வந்தீங்க?"

ஒரு காயை எடுத்து, அடிபட்டிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூடி போட்டிருந்தவரைக்கும் ஒண்ணுமில்ல. மாடியில துணி கட்டி வச்சால்லா, வெயில் ஏற ஏற வாசம் எறங்கி வீட்டுக்குள்ள வந்துச்சு. ஒங்கம்மைக்குத் தெரியல. எனக்குத் தெரியுது. நீ சொல்லிக்குடுத்த மொறையே அதுதான்னு நெனச்சேன், அதான் ஒண்ணும் சொல்லல. ஒருநாள் படியேறி மேல போயிட்டேன். ஜாடி பக்கத்துல போயி நின்னேன். எம்புட்டு நேரம் நின்னேன்னு தெரியல. பொறவு எறங்கிட்டேன்."

காயை நல்ல குவியலில் போட்டார்.

"அன்னைக்குச் சாயங்காலந்தான் நீ வந்து ரெண்டாவது கோடு போட்ட. தொடாதப்பவே கோடு எறங்குது, தொட்டா எங்க போயி நிக்கும்னு பட்டுச்சு. காலையில பஸ் ஏறிட்டேன்."

யாழினி எண்ணிக்கொண்டே போனாள். "இவ என்ன பாசையில எண்ணுதா?" என்று கேட்டு, பேச்சை அதோடு முடித்துவிட்டார்.

"கொட்டியாச்சு" என்றார் அம்மா. "மரத்துக்கு ஊத்தியாச்சு. கெளம்புங்க."

"மரம் பட்டுப்போவும்ட்டி."

"போனாப் போவுது."

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

7

மிஞ்சிய விடுமுறையில் இரண்டாவது ஜாடி போட்டோம். சாராயம் இல்லாமல், மருந்துக்கடைக் கிளிசரினில். சாராயம் ஆகாதவர்களுக்கு அப்படியும் செய்வதுண்டு என்று கனகாதான் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள். ஊற்றுவதற்கு முன் அப்பா புட்டியை வாங்கி மோந்து பார்த்தார். "இதுல வாசமே இல்லயே" என்றார். பிறகு யாரும் கேட்காமலே குலுக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். மூடியை இரண்டு சுற்றுத் துணி போட்டுக் கட்டி, அரிசிப் பானைக்குப் பின்னால் இருட்டில் வைத்தார். மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, அம்மா பார்க்கும்படி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பிளாஸ்திரி ஒட்டவில்லை.

அந்த ஜாடியிலிருந்து வடித்த புட்டிதான் இன்று தீர்ந்தது. என் முதல் கேள்விக்கு இன்னும் பாதி விடைதான் கிடைத்திருக்கிறது. கிளிசரினில் பச்சை நிறம் இறங்கியது, கசப்பு குறைவாகத்தான் இறங்கியது. சாராயத்தில் என்ன இறங்கும் என்று பார்க்க, காய்ந்த இலையை வரவழைத்து இங்கேயே ஒரு சின்ன ஜாடி போட்டிருக்கிறேன். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று போகும்போதும் வரும்போதும் தொட்டுப் பார்க்கிறேன். "ஜாதெக்குக்கு இதுல குடுப்போமா?" என்று யாழினி கேட்டாள். "நியே" என்றேன்.

மாரெக்குக்குக் கொண்டுவந்த பங்கை அவன் ஒரு கரண்டி சுவைத்துவிட்டு, இது மருந்தல்ல, ஜாம் என்றான். பிறகு, இதற்கு மொத்தம் எவ்வளவு செலவு ஆயிற்று என்று கேட்டான். யோசித்துப் பார்த்தேன். விமான நிலையத்தில் விட்டுவந்த புட்டி ஒரு செலவு. வோட்காவை வெயில் குடித்தது. கிளிசரினை மருந்துக்கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர் என்று காசு வாங்கவில்லை. ஜாடி வீட்டில் இருந்தது. இலை வேலியில் இருந்தது. இவற்றில் எதுவும் நான் சொல்ல நினைத்த செலவு இல்லை.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு திரும்பிய அன்று வத்திராயிருப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ் ஏறினோம். அம்மாவுக்கும் கனகாவுக்கும் இலவசப் பயணம், யாழினிக்கு டிக்கெட் வயது ஆகவில்லை. நடத்துநர் எங்கள் இருக்கைக்கு வந்தார். நான் சட்டைப் பைக்குள் கையை விட்டுப் போலிஷ் நாணயங்களுக்கு நடுவே ரூபாயைத் தேடிக்கொண்டிருந்தபோது, அப்பா வேட்டி மடிப்பிலிருந்து பணத்தை எடுத்து நீட்டிவிட்டார்.

"ரெண்டு வில்லிபுத்தூர்."

அவருக்கும் எனக்கும் சேர்த்து நாற்பது ரூபாய்.